மறந்துபோன நிர்வாகிக் கடவுச்சொல்: ஒரு டொமைன் கன்ட்ரோலரை மீட்ட நிகழ்வின் ஆய்வு

கொங்குப் பகுதியில் பின்னலாடை தைத்து ஏற்றுமதி செய்யும் நடுத்தர நிறுவனம் ஒன்றில், நிர்வாகிக் கணக்கின் கடவுச்சொல் எவருக்கும் தெரியாமல் போன சர்வர் ஒன்றை மீட்ட விதத்தை இந்த ஆய்வு பதிவு செய்கிறது. நிறுவனத்தின் பெயரும் அங்குப் பணிபுரிந்தோரின் பெயர்களும் தவிர்க்கப்பட்டுள்ளன. கடவுச்சொல்லை மாற்றி உள்ளே நுழையும் வழிகளைப் பற்றி நிறையவே எழுதப்பட்டுள்ளது. ஆனால் நுழைவது இந்த வேலையின் மிகச் சிறிய பகுதி. பழைய கடவுச்சொல்லை நம்பி அந்தச் சர்வருக்குள் எவையெல்லாம் இயங்கிக்கொண்டிருந்தன, அவற்றுள் எவை எப்போது நின்றுபோயின என்பதைக் கண்டறிவதில்தான் பெரும்பகுதி உழைப்பு சென்றது. இந்த நிகழ்வைத் தனியாக எழுதத் தோன்றியதற்கும் அதுவே காரணம்.

சர்வரும் அதன் சுமையும்

நிறுவனத்தில் இருந்தது ஒரே ஒரு சர்வர். விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2 இயங்கிய அந்த இயந்திரமே அலுவலகத்தின் பயனர் கணக்குகளையும் கடவுச்சொற்களையும் சரிபார்க்கும் டொமைன் கன்ட்ரோலராகவும், வலையமைப்பில் பெயர்களையும் முகவரிகளையும் தரும் டிஎன்எஸ், டிஎச்சிபி ஆகியவற்றை வழங்குவதாகவும், டேலி கணக்குகள் வைக்கப்பட்டிருந்த பகிர்வுக் கோப்புறையைத் தாங்குவதாகவும் இருந்தது. வருகைப் பதிவையும் வாரக்கூலியையும் கணக்கிடும் மென்பொருளுக்கான எஸ்கியூஎல் சர்வர் எக்ஸ்பிரஸ் என்ற தரவுத்தள மென்பொருளும் அதிலேயே நிறுவப்பட்டிருந்தது. டொமைன் கன்ட்ரோலரில் எஸ்கியூஎல் சர்வரை நிறுவ வேண்டாம் என்பது மைக்ரோசாஃப்டின் அறிவுரை. ஆனால் ஒரே இயந்திரத்துக்குத்தான் பணம் ஒதுக்க முடிகிற இடங்களில் அந்த அறிவுரை கடைப்பிடிக்கப்படுவதில்லை. அதை நிறுவனத்தின் குற்றமாக நான் கருதவில்லை.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. டொமைன் கன்ட்ரோலரில் சாதாரண இயந்திரங்களைப் போலத் தனிப்பட்ட உள்ளூர்க் கணக்குகள் கிடையாது. எஸ்கியூஎல் சர்வரின் சேவையை (பின்னணியில் ஓடும் நிரலை) விண்டோஸின் உள்ளமைந்த லோக்கல் சர்வீஸ் கணக்கில் அங்கே இயக்கவும் முடியாது. டொமைன் கணக்கு ஒன்றைக் கொடுப்பதே அங்குப் பொருத்தமான வழி. கூலி மென்பொருளை நிறுவ வந்தவர், அதற்கெனப் புதிய கணக்கு ஒன்றைத் தொடங்காமல், கையருகே இருந்த அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கையும் அதன் கடவுச்சொல்லையும் கொடுத்துவிட்டார். குறித்த நேரத்தில் பணிகளை ஓட்டும் டாஸ்க் ஷெட்யூலரில், இரவு நேரக் காப்புப் பிரதி எடுக்கும் பணிக்கும் அதே கணக்குதான் தரப்பட்டிருந்தது. அந்த ஒற்றைக் கணக்கு இப்படி மூன்று வேலைகளைச் சுமந்தது. மனிதர் உள்ளே நுழைவதற்கும், ஒரு சேவை இயங்குவதற்கும், காப்புப் பிரதி ஓடுவதற்கும் ஒரே கடவுச்சொல்.

விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2-க்கான நீட்டிக்கப்பட்ட ஆதரவு 2023 அக்டோபர் 10 அன்று முடிவடைந்தது. அதன்பின் சொந்த இயந்திரத்தில் ஓடும் சர்வருக்குக் கட்டணம் செலுத்தினால் மட்டுமே பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைத்தன. இந்த நிறுவனம் செலுத்தவில்லை. திருத்தங்கள் வராததால் மாதந்தோறும் சர்வரை ரீஸ்டார்ட் செய்ய வேண்டிய தேவையும் இல்லாமல் போயிற்று. யூபிஎஸ்ஸும் ஜெனரேட்டரும் இருந்ததால் மின்தடைகளும் அதை நிறுத்தவில்லை. எனவே மாதக்கணக்கில் அந்தச் சர்வர் ஒருமுறைகூட அணையாமல் ஓடிக்கொண்டிருந்தது. நிலைத்தன்மை என்று பார்த்தவர்கள் மகிழ்ந்த இந்த நிலைதான், பின்னர் வெளிப்பட்ட பழுதை அத்தனை காலம் மறைத்து வைத்திருந்தது.

நிகழ்ந்தது

மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாள் ஒன்றில் ஜெனரேட்டர் இயங்கவில்லை. யூபிஎஸ் மின்கலத்தின் இருப்பு குறைந்ததும் அதன் மென்பொருள் சர்வரை முறையாக அணைத்தது. மின்சாரம் திரும்பியதும் சர்வர் தானே எழுந்தது. அலுவலகத்தினர் தத்தம் கணினிகளில் வழக்கம்போல் லாகின் செய்தனர், டேலி திறந்தது, பிரிண்டர்கள் வேலை செய்தன. கூலி மென்பொருள் மட்டும் தரவுத்தளத்தோடு இணைய முடியவில்லை என்று சொல்லி நின்றது. அன்று வெள்ளிக்கிழமை, தையல் பிரிவுத் தொழிலாளர்களுக்கு மறுநாள் வாரக்கூலி வழங்கியாக வேண்டும்.

சர்வரின் திரையில் அட்மினிஸ்ட்ரேட்டராக நுழைய முயன்றபோது, கணக்குப் பிரிவின் பூட்டிய இழுப்பறையில் இருந்த நோட்டில் எழுதப்பட்டிருந்த கடவுச்சொல் ஏற்கப்படவில்லை. கணினிப் பிரிவைக் கவனித்துவந்த ஊழியர் ஏற்கெனவே வேலையை விட்டு வேறு ஊருக்குச் சென்றிருந்தார். தொலைபேசியில் கேட்டபோது, தணிக்கையாளர் ஒருவரின் அறிவுரைப்படி சில மாதங்களுக்கு முன் கடவுச்சொல்லைத் தாம் மாற்றியதையும், நோட்டில் அதைத் திருத்தாமல் விட்டதையும் அவர் ஒளிக்காமல் சொன்னார். மாற்றிய கடவுச்சொல் நினைவில் இல்லை. இப்படி இருக்கலாம் என்று சில வடிவங்களைச் சொன்னார், எதுவும் பொருந்தவில்லை. மாற்றிய பிறகு அவர் அந்தத் திரைக்கு அதிகம் வர வேண்டியிருக்கவில்லை என்பதை நினைத்துப் பார்த்தால், மறந்ததில் வியப்பில்லை. விரல்கள் அன்றாடம் தட்டாத கடவுச்சொல் மனத்தில் தங்குவதில்லை.

சர்வரை மீட்க வெளியிலிருந்து எங்களை அழைத்தபோது நிலைமை இவ்வளவுதான். முதலில் செய்தது, கேள்வியையே சரிபார்த்தது. கடவுச்சொல் தவறு என்று சர்வர் சொல்வதற்கும் கடவுச்சொல் உண்மையில் தவறாக இருப்பதற்கும் இடையில் விசைப்பலகை இருக்கிறது. சர்வரின் நுழைவுத் திரையில் பிரிட்டன் விசைப்பலகை அமைப்பு தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தால், நாம் அட் குறியைத் தட்டும் இடத்தில் இரட்டை மேற்கோள் விழும். நம் நாட்டில் விற்கப்படும் விசைப்பலகைகளில் பெரும்பாலானவை அமெரிக்க அமைப்பைக் கொண்டவை என்பதால், தட்டுபவருக்கு வித்தியாசம் தெரியாது. திரையிலும் புள்ளிகள் மட்டுமே தெரியும். எண்பலகையின் 'நம் லாக்' (Num Lock) விசை அணைந்திருப்பதும் இதே வகை ஏமாற்று. பயனர் பெயர்க் கட்டத்தில் அதே குறிகளைத் தட்டிப் பார்த்தால் உண்மை வெளிப்பட்டுவிடும். இங்கே விசைப்பலகை சரியாகவே இருந்தது.

அனுமதியும் நகலும்

அதன்பின் ஊகித்துத் தட்டுவதை நிறுத்தச் சொன்னோம். டொமைனின் இயல்பான கொள்கையில் கணக்கு முடக்க வரம்பு பூச்சியமாகவே, அதாவது முடக்கமே இல்லாதபடி, இருக்கும் என்பதால், தவறான முயற்சிகளால் கணக்கு முடங்கிவிடும் என்ற அச்சம் இங்கே முதன்மையானதன்று. ஆனால் ஒவ்வொரு முயற்சியும் விண்டோஸின் பாதுகாப்புப் பதிவேட்டில், நுழைவு தோற்றதைக் குறிக்கும் 4625 என்ற நிகழ்வாகப் பதிந்து, பழைய பதிவுகளை வெளியே தள்ளும். பின்னால் எதையாவது ஆராய வேண்டுமென்றால் அந்தப் பழைய பதிவுகள்தான் சான்று.

நிறுவன உரிமையாளரிடம் எழுத்துமூலம் அனுமதி பெற்றோம். எந்த இயந்திரம், யார் கையாளப் போகிறார்கள், என்ன செய்யப் போகிறார்கள் என்பவை அதில் தெளிவாக இருந்தன. இது சம்பிரதாயம் அல்ல. 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ஆம் பிரிவு, உரிமையாளரின் அனுமதியின்றி ஒரு கணினியை அணுகுவதைப் பற்றியது. அதே செயலை நேர்மையற்ற அல்லது மோசடி எண்ணத்தோடு செய்தால் 66-ஆம் பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறையோ ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கப்படலாம். நாம் செய்யும் வேலைக்கும் ஊடுருவல்காரர் செய்யும் வேலைக்கும் தொழில்நுட்ப வகையில் வேறுபாடு எதுவும் இல்லை. அந்தத் தாள் மட்டுமே வேறுபாடு.

கூலி வழங்குவதற்கு மீட்பை அவசரப்படுத்த வேண்டியதில்லை என்பதும் அன்றே தெளிவாயிற்று. விரல்ரேகை வருகைப் பதிவுக் கருவி தன் நினைவகத்தில் பதிவுகளை வைத்திருந்தது. அதை யூஎஸ்பி மூலம் இறக்கி, விரிதாளில் கூலியைக் கணக்கிட்டு, சனிக்கிழமை மாலை வழக்கம்போல் வழங்கினார்கள். இந்த மாற்றுவழி கிடைத்ததுதான் அடுத்து வந்த நிதானத்துக்கு இடம் கொடுத்தது. கூலி நாளின் நெருக்கடியில் கைவைத்திருந்தால், நகல் எடுக்காமல் நேராகச் சர்வரில் இறங்கியிருக்க நேர்ந்திருக்கும்.

சர்வரை அணைத்து, முழு டிஸ்கையும் வெளி ஹார்டு டிஸ்கில் நகலெடுப்பது என்று முடிவு செய்தோம். ஆனால் உள்ளே நுழைய முடியாத சர்வரை எப்படி அணைப்பது? பணிநிலையக் கணினிகளில் நுழைவுத் திரையிலேயே அணைக்கும் வசதி இருக்கும். சர்வர் பதிப்புகளில் அது இயல்பாகவே தடுக்கப்பட்டிருக்கும். மின்பொத்தானை அழுத்திப் பிடித்து வலிந்து அணைப்பது, டொமைனின் கணக்குகளைத் தாங்கும் ஆக்டிவ் டைரக்டரியின் தரவுத்தளம் திறந்திருக்கும்போது செய்யக் கூடாத காரியம். யூபிஎஸ் மென்பொருள் கைகொடுத்தது. அது விண்டோஸின் உள்ளமைந்த சிஸ்டம் கணக்கில் இயங்கும் சேவை, மின்கலம் குறைந்தால் சர்வரை முறையாக அணைக்கும் அதிகாரம் அதற்கு உண்டு. மின்தடை நாளில் அது சரியாகச் செயல்பட்டதை ஏற்கெனவே பார்த்திருந்தோம். யூபிஎஸ்ஸுக்கு வரும் மின்சாரத்தை நிறுத்தினோம். உரிய நேரத்தில் சர்வர் தானே ஒழுங்காக அணைந்தது.

டிஸ்குகள், ஒரே தரவை இரண்டிலும் எழுதும் ரெய்டு 1 அமைப்பில் இரண்டாக இருந்தன. அவற்றுள் ஒன்றைக் கழற்றி எடுத்தால் அதுவே நகல்தானே என்ற யோசனை நிறுவனத்தார் தரப்பிலிருந்து வந்தது. இணையை உடைத்துவிட்டு ஒற்றை டிஸ்கை நம்பி மீட்பு வேலையைத் தொடங்குவது ஆபத்து. மீண்டும் இணைக்கும்போது எதிலிருந்து எதற்கு நகலாகிறது என்பதில் சிறு குழப்பம் நேர்ந்தாலும் இரண்டும் பாழாகும். யூஎஸ்பி மூலம் பூட் செய்து நகலெடுக்கும் கருவியைக் கொண்டு, ரெய்டு கன்ட்ரோலர் காட்டும் தொகுதியை அப்படியே எழுதினோம். மெதுவான வேலைதான்.

நகல் சொன்ன செய்தி

டிஸ்க் முழுவதையும் மறையாக்கம் (என்கிரிப்ஷன்) செய்யும் பிட்லாக்கரால் அது பூட்டப்படவில்லை. பூட்டப்பட்டிருந்தால் 48 இலக்க மீட்புத் திறவு இல்லாமல் இதற்குமேல் எதுவும் செய்திருக்க இயலாது; அந்தத் திறவும் தொலைந்திருந்தால் தரவும் அத்தோடு முடிந்தது. கடவுச்சொல் என்பது இயங்கிக்கொண்டிருக்கும் இயங்குதளம் கேட்கும் கேள்வி. இயங்காத, மறையாக்கம் செய்யப்படாத டிஸ்கிடம் அந்தக் கேள்வியைக் கேட்க எவரும் இல்லை. ஆகவே கடவுச்சொல்லை மாற்றுவதற்கு முன்பே, நகலை மட்டும் வேறொரு கணினியில் இணைத்து, மூலத்தைத் தொடாமல் எவ்வளவோ படித்துவிட முடிந்தது.

நிகழ்வுப் பதிவேட்டின் கோப்பை எந்த விண்டோஸ் கணினியின் ஈவென்ட் வியூவரிலும் திறக்கலாம். சர்வர் எழுந்த நேரத்துக்குச் சற்றுப் பின், எஸ்கியூஎல் சேவை தனக்குக் கொடுக்கப்பட்டிருந்த கடவுச்சொல்லால் நுழைய முடியவில்லை என்று கூறும் 7038 நிகழ்வும், அதனால் சேவை தொடங்கவில்லை என்று கூறும் 7000 நிகழ்வும் அடுத்தடுத்து இருந்தன. கூலி மென்பொருளின் பழுதும் மறந்துபோன கடவுச்சொல்லும் இரண்டு தனித்தனிச் சிக்கல்கள் என்று அதுவரை நிறுவனத்தார் நினைத்திருந்தார்கள். அவை ஒன்றே என்பது அந்த இரண்டு வரிகளில் தெரிந்தது. கடவுச்சொல் மாற்றப்பட்டபோது எஸ்கியூஎல் சேவை ஏற்கெனவே உள்ளே நுழைந்து இயங்கிக்கொண்டிருந்தது. இயங்கிக்கொண்டிருக்கும் சேவையிடம் விண்டோஸ் மறுபடி கடவுச்சொல் கேட்பதில்லை. அடுத்த தொடக்கத்தில்தான் கேட்கும். அந்த அடுத்த தொடக்கம் மாதங்கள் கழித்து, மின்தடை நாளில் வந்தது.

விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் பதிவகத்தின் (ரெஜிஸ்ட்ரி) கோப்பை ஏற்றி, ஒவ்வொரு சேவையும் எந்தக் கணக்கில் இயங்குகிறது என்ற மதிப்பைப் பட்டியலிட்டோம். எஸ்கியூஎல் தவிர மற்றவை எல்லாம் சிஸ்டம் முதலான உள்ளமைந்த கணக்குகளில் இருந்தன. டாஸ்க் ஷெட்யூலரின் பணிகள் எக்ஸ்எம்எல் கோப்புகளாக விண்டோஸ் கோப்புறையிலேயே இருப்பதால் அவற்றையும் படித்தோம். காப்புப் பிரதிப் பணி அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கில், சேமித்து வைத்த கடவுச்சொல்லோடு ஓடும்படி அமைக்கப்பட்டிருந்தது.

இதைப் படித்ததும் அடுத்த கேள்வி தானாகவே எழுந்தது. சேவையைப் போலன்றி, டாஸ்க் ஷெட்யூலர் பணி ஒவ்வொரு முறை ஓடும்போதும் புதிதாக நுழைய வேண்டும். அப்படியானால் கடவுச்சொல் மாற்றப்பட்ட இரவிலிருந்தே அந்தப் பணி தோற்றுக்கொண்டிருக்க வேண்டும். காப்புப் பிரதி டிஸ்கைத் திறந்து பார்த்தோம். கடைசிப் பிரதியின் தேதி, ஊழியர் கடவுச்சொல்லை மாற்றியதாகச் சொன்ன காலத்தோடு பொருந்தியது. அதன்பின் ஒரு பிரதியும் இல்லை. பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்த அந்த டிஸ்கை அன்றாடம் பார்த்தவர்கள் எவருக்கும் இது தெரியவில்லை, ஏனெனில் பணி தோற்றால் அதை எவருக்கும் தெரிவிக்கும் ஏற்பாடு இருக்கவில்லை.

இந்த நிகழ்வின் மையம் என்று நான் கருதுவது இதைத்தான். நுழைவுத் திரையில் மாட்டிக்கொண்ட நாளில் நிறுவனம் இழந்தது சில மணி நேர வேலை. அந்த மாதங்களில் எந்த இரவிலாவது டிஸ்குகள் கெட்டிருந்தால், கடைசிப் பிரதிக்குப் பிந்தைய டேலி கணக்குகளும் கூலிப் பதிவுகளும் திரும்பவே வந்திருக்காது. மறதியால் வந்த நிறுத்தம், மறதிக்கு முன்பே நடந்துகொண்டிருந்த பெரிய கேட்டை வெளியே கொண்டுவந்தது.

வழிகளைத் தேர்ந்தது

பழைய காப்புப் பிரதியிலிருந்து முழுச் சர்வரையும் மீட்டுவிட்டால், நோட்டில் இருந்த கடவுச்சொல்லே செல்லுபடியாகும் என்பது உண்மை. அந்தப் பிரதி மாற்றத்துக்கு முந்தையது. கேட்பதற்கு எளிய வழி. ஆனால் மாதக்கணக்கான கோப்புகளையும் தரவுகளையும் நகலிலிருந்து தனியே எடுத்துச் சேர்க்க வேண்டியிருக்கும். அதைவிடப் பெரிய இடைஞ்சல் ஒன்று உண்டு. டொமைனில் சேர்ந்த ஒவ்வொரு கணினிக்கும் தனக்கென ஒரு கடவுச்சொல் உள்ளது. அதை அந்தக் கணினியே இயல்பாக 30 நாளுக்கு ஒருமுறை மாற்றிக்கொள்ளும். மாதங்கள் பழைய டைரக்டரியைக் கொண்டுவந்து வைத்தால், அலுவலகத்தின் கணினிகளுக்கும் டொமைனுக்கும் இடையிலான நம்பிக்கை உறவு அறுந்து, ஒவ்வொன்றையும் மீண்டும் சேர்க்க வேண்டிவரும். எனவே அந்த வழி விலக்கப்பட்டது.

நகலிலிருந்து கடவுச்சொல்லின் ஹாஷ் மதிப்பை (கடவுச்சொல்லுக்குப் பதிலாகச் சேமிக்கப்படும் கணித வடிவை) எடுத்து, ஊகித்துக் கண்டுபிடிப்பது இன்னொரு வழி. விண்டோஸ் பயன்படுத்தும் என்டி ஹாஷ், எம்டி4 முறையில், உப்பு எனப்படும் தற்செயல் மதிப்பு எதையும் சேர்க்காமல் கணக்கிடப்படுவதால், எளிய கடவுச்சொல்லாக இருந்தால் விரைவில் சிக்கும். சர்வரில் எதையும் மாற்ற வேண்டியதில்லை என்பது இதன் நன்மை. ஆனால் எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று சொல்ல முடியாது. அதோடு, அந்தத் தரவுத்தளத்தைத் திறப்பது அலுவலகத்தினர் அனைவருடைய ஹாஷ்களையும் கையில் எடுப்பதாகும். உரிமையாளர் தந்த அனுமதி ஒரு கணக்குக்கானது. வேண்டாம் என்று விட்டோம்.

உள்ளூர்க் கணக்குகளின் விவரங்கள் இருக்கும் எஸ்ஏஎம் கோப்பை டிஸ்கிலேயே திருத்திக் கடவுச்சொல்லை அழிக்கும் கருவிகள் பல ஆண்டுகளாகப் புழக்கத்தில் உள்ளன. பெட்டர் நோர்டால்-ஹாகன் உருவாக்கிய கருவி அவற்றுள் மிகவும் அறியப்பட்டது. தனித்த சர்வருக்கு அது பொருந்தும். டொமைன் கன்ட்ரோலரில் பலர் இடறுவது இங்கேதான். அங்கே எஸ்ஏஎம் கோப்பில் இருக்கும் அட்மினிஸ்ட்ரேட்டர், டைரக்டரியைப் பழுதுபார்க்கச் சர்வரைத் தனியாக எழுப்பும் டைரக்டரி மீட்புப் பயன்முறையில் மட்டும் உயிர்பெறும் வேறொரு கணக்கு. டொமைனின் அட்மினிஸ்ட்ரேட்டர் என்டிடிஎஸ் என்ற டைரக்டரித் தரவுத்தளத்தில் இருக்கிறார். எனவே அந்தக் கருவியால் கடவுச்சொல்லை அழித்துவிட்டு வழக்கமான முறையில் சர்வரை எழுப்பினால் எதுவும் மாறியிருக்காது. முதலில் மீட்புப் பயன்முறையில் நுழைந்து, அடுத்த வழக்கமான தொடக்கத்தில் சிஸ்டம் கணக்கில் ஓடும்படி ஒரு சேவையை உருவாக்கி, அதன் மூலம் டொமைன் கடவுச்சொல்லை மாற்றுவது பழைய சுற்றுவழி. அது நடக்கும், ஆனால் பதிவகக் கோப்பில் வெளியிலிருந்து எழுத வேண்டும். இரண்டு முறை ரீஸ்டார்ட் வேண்டும்.

தேர்ந்தெடுத்த வழி, நுழைவுத் திரையின் மூலையில் இருக்கும் எளிதணுகல் (ஈஸ் ஆஃப் ஆக்செஸ்) பொத்தானைப் பயன்படுத்துவது. அந்தப் பொத்தானை அழுத்தினால் யூட்டில்மேன் என்ற நிரல், எவரும் லாகின் செய்யாத நிலையிலேயே, சிஸ்டம் கணக்கின் அதிகாரத்தோடு தொடங்கும். அந்த நிரலின் இடத்தில் கட்டளைச் சாளரத்தின் (கமாண்ட் பிராம்ப்ட்) கோப்பை வைத்துவிட்டால், பொத்தான் கட்டளைச் சாளரத்தைத் திறக்கும். டொமைன் கன்ட்ரோலரில் சிஸ்டம் கணக்குக்கு டைரக்டரியின் மீது முழு உரிமை உண்டு என்பதால், நேரடியாக டொமைன் கணக்கின் கடவுச்சொல்லையே மாற்றலாம். புதிய விண்டோஸ் பதிப்புகளில் அவற்றோடு வரும் வைரஸ் எதிர்ப்பு மென்பொருளான டிஃபென்டர் இந்த மாற்றத்தைக் கண்டறிந்து தடுக்கும். 2012 ஆர்2 பதிப்பில் டிஃபென்டர் உடன் வருவதில்லை, வேறு வைரஸ் எதிர்ப்பு மென்பொருளும் அந்தச் சர்வரில் இருக்கவில்லை.

ஒத்திகையும் செயலும்

நகலை மெய்நிகர் இயந்திரமாக மாற்றி, எந்த வலையமைப்போடும் இணைக்காமல் எழுப்பினோம். அதே பெயரும் அதே முகவரியும் கொண்ட இரண்டாவது டொமைன் கன்ட்ரோலர் அலுவலக வலையில் தலைகாட்டினால் பெருங்குழப்பம் விளையும் என்பதால் அந்தத் தனிமை இன்றியமையாதது. முழு நடைமுறையும் முதலில் அங்கே செய்து பார்க்கப்பட்டது. கூலித் தரவுத்தளம் எழுகிறதா என்பதுவரை சோதித்தோம்.

பிறகு ஞாயிற்றுக்கிழமை, தையல் பிரிவு விடுமுறையில் இருந்தபோது, உண்மையான சர்வரில் இறங்கினோம். விண்டோஸ் சர்வர் நிறுவல் யூஎஸ்பியிலிருந்து பூட் செய்து, பழுதுநீக்கப் பகுதியின் கட்டளைச் சாளரத்தைத் திறந்தோம். முதலில் டிஸ்கே தெரியவில்லை. ரெய்டு கன்ட்ரோலருக்கான டிரைவரை அங்கே தனியாக ஏற்ற வேண்டும் என்பது ஒத்திகையில் வெளிப்படாத ஒன்று, ஏனெனில் மெய்நிகர் இயந்திரத்தில் ரெய்டு கன்ட்ரோலர் இல்லை. சர்வர் தயாரிப்பாளரின் டிரைவரை முன்கூட்டியே இன்னொரு யூஎஸ்பியில் வைத்திருந்ததால் வேலை தடைப்படவில்லை. அந்தச் சூழலில் சி டிரைவ் என்று தெரிவது விண்டோஸ் இருக்கும் தொகுதியாக இருக்க வேண்டியதில்லை. கோப்புறைகளைப் பார்த்து உறுதிசெய்த பின்பே, யூட்டில்மேன் கோப்பை வேறு பெயரில் பத்திரப்படுத்தி, கட்டளைச் சாளரக் கோப்பை அதன் பெயரில் நகலெடுத்தோம்.

சர்வரை எழுப்புவதற்கு முன் அலுவலக வலையிலிருந்து அதன் கேபிளைக் கழற்றி, வேறு எதுவும் இணைக்கப்படாத சிறு ஸ்விட்ச் ஒன்றில் செருகினோம். காரணம் இரண்டு. கோப்பு மாற்றப்பட்டிருக்கும் இடைவெளியில், தொலைநிலை மேசை (ரிமோட் டெஸ்க்டாப்) வழியாக நுழைவுத் திரையைக் காண முடிகிற எவரும் அந்தப் பொத்தானை அழுத்திச் சிஸ்டம் அதிகாரத்தைப் பெற்றுவிடலாம். திரையைக் காட்டும் முன்பே கடவுச்சொல்லைக் கேட்கும் வலையமைப்புநிலை உறுதிப்பாடு அணைக்கப்பட்டிருந்தால் அதற்குக் கடவுச்சொல்கூட வேண்டியதில்லை. கேபிளை வெறுமனே தொங்க விட்டாலோ, தன்னையே டிஎன்எஸ் ஆக நம்பியிருக்கும் டொமைன் கன்ட்ரோலர் எழுவதற்கு நெடுநேரம் எடுத்துக்கொள்ளும். ஸ்விட்சில் இணைத்தால் இணைப்பு உயிரோடு இருப்பதாக அது கருதும்.

பொத்தானை அழுத்தியதும் கட்டளைச் சாளரம் திறந்தது. நெட் யூசர் கட்டளையை முதலில் கடவுச்சொல் எதுவும் கொடுக்காமல், கணக்கின் பெயரோடு மட்டும் இயக்கினோம். கடவுச்சொல் கடைசியாக மாற்றப்பட்ட தேதியை அது காட்டும். புதியதை வைத்த கணமே அந்தத் தேதி அழிந்துவிடும் என்பதால் இந்த வரிசை முக்கியம். தேதி, கடைசிக் காப்புப் பிரதிக்கு மறுநாள். ஊகமாக இருந்தது உறுதியாயிற்று. திரையைப் படம் பிடித்துக்கொண்டு, நீண்ட புதிய கடவுச்சொல்லை வைத்து, லாகின் செய்தோம். உடனே யூட்டில்மேனின் மூலக் கோப்பைப் பழைய இடத்தில் வைத்து, கணினிக் கோப்புகளைச் சரிபார்க்கும் கட்டளையை ஓட்டி, பொத்தான் தன் இயல்பான வேலையையே செய்கிறது என்று பார்த்த பிறகுதான் கேபிள் அலுவலக வலைக்குத் திரும்பியது.

உள்ளே நுழைந்த பின்

ஒரு சபலம் அங்கே காத்திருந்தது. நோட்டில் இருந்த பழைய கடவுச்சொல்லையே மீண்டும் வைத்தால், எஸ்கியூஎல் சேவையும் காப்புப் பிரதிப் பணியும் அக்கணமே தாமாக இயங்கத் தொடங்கும். நிர்வாகியாக மாற்றியமைக்கும்போது கடவுச்சொல் வரலாறு குறுக்கே நிற்பதில்லை என்பதால் அதற்குத் தடையும் இல்லை. உரிமையாளரும் அதைத்தான் விரும்பினார். எதையும் மாற்றாமல் எல்லாம் ஓடும் என்றால் யாருக்குத்தான் பிடிக்காது? ஆனால் அது பழுதின் வேரை அப்படியே நட்டுவைப்பதாகும். அடுத்த முறை எவரோ நல்ல எண்ணத்தோடு கடவுச்சொல்லை மாற்றும் நாளில் இதே கதை மீண்டும் தொடங்கும். எடுத்துச் சொன்னதும் அவர் ஏற்றுக்கொண்டார்.

எஸ்கியூஎல் சேவைக்கென, நிர்வாகி உரிமை எதுவும் இல்லாத தனி டொமைன் கணக்கு ஒன்றைத் தொடங்கினோம். இந்த மாற்றத்தை விண்டோஸின் பொதுவான சேவைப் பட்டியலில் செய்யாமல் எஸ்கியூஎல் சர்வரின் கன்ஃபிகரேஷன் மேனேஜரில் செய்ய வேண்டும். தேவையான கோப்பு அனுமதிகளையும், மறையாக்கத்துக்குப் பயன்படும் சேவையின் முதன்மைத் திறவுக்கான பாதுகாப்பையும் அது சேர்த்தே கவனித்துக்கொள்ளும். காப்புப் பிரதிப் பணி சிஸ்டம் கணக்குக்கு மாற்றப்பட்டது. அந்தப் பிரதி சர்வரோடு நேரடியாக இணைந்த டிஸ்கில் எழுதப்படுவதால் அதற்குக் கடவுச்சொல்லே தேவையில்லை. பணியின் கடைசி முடிவாக அதுவரை நின்றிருந்த குறியீடு, பயனர் பெயரோ கடவுச்சொல்லோ தவறு என்பதைக் குறிப்பது. மாற்றிய பின் கையால் ஓட்டியதில் அது பூச்சியமாயிற்று. இனி அந்தப் பணி தோற்றால் உரிமையாளருக்கும் கணக்குப் பிரிவுத் தலைவருக்கும் மின்னஞ்சல் போகும்.

கடவுச்சொல்லை வெளியிலிருந்து மாற்றினால், அந்தக் கணக்கில் மறையாக்கம் செய்து சேமித்தவை எல்லாம் திறக்க முடியாமல் போகும் என்ற எச்சரிக்கை சரியானதே. ஆனால் அது தனித்த கணினியின் உள்ளூர்க் கணக்குக்கே முழுமையாகப் பொருந்தும். டொமைன் கணக்கில் சேமித்தவற்றைத் திறக்கும் முதன்மைத் திறவு, டொமைன் கன்ட்ரோலரிடம் உள்ள காப்புத் திறவாலும் பாதுகாக்கப்பட்டிருக்கும். அதனால் மீட்க இயலும். இங்கே சேமிக்கப்பட்டிருந்த சில நுழைவு விவரங்கள் புதிய கடவுச்சொல்லுக்குப் பின்னும் திறந்தன.

டைரக்டரி மீட்புப் பயன்முறையின் கடவுச்சொல்லும் எவருக்கும் தெரியாது என்பதால், என்டிடிஎஸ்யூட்டில் என்ற கட்டளைக் கருவி மூலம் அதையும் புதிதாக வைத்தோம். டொமைன் முழுவதற்கும் நிர்வாக உரிமை கொண்ட டொமைன் அட்மின்ஸ் குழுவின் உறுப்பினர்களைச் சரிபார்த்து, விலகிய ஊழியரின் கணக்கை அவருக்கும் தெரிவித்தே முடக்கினோம். கடவுச்சொல் மாற்றப்பட்டதற்கான 4724 நிகழ்வு பாதுகாப்புப் பதிவேட்டில் சர்வரின் சொந்தப் பெயரில் பதிவாகியிருந்தது. பின்னால் தணிக்கை செய்பவருக்கு அது ஊடுருவலைப் போலவே தோன்றும். ஆகவே அந்தப் பதிவும், அதன் நேரமும், உரிமையாளரின் அனுமதித் தாளும் ஒரே கோப்பில் வைக்கப்பட்டன.

அன்றாட நிர்வாகத்துக்கு இப்போது இருவருக்குத் தனித்தனி நிர்வாகிக் கணக்குகள் உள்ளன. உள்ளமைந்த அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கின் கடவுச்சொல் முத்திரையிட்ட உறையில் உரிமையாளரிடம் இருக்கிறது. அதை எவரும் எந்தச் சேவைக்கும் கொடுப்பதில்லை. உறையைப் பிரித்து, அதிலுள்ளதைக் கொண்டு நுழைந்து பார்த்து, புதிய கடவுச்சொல்லோடு மறுபடி முத்திரையிடும் வேலை ஆண்டுக் கணக்கு முடிக்கும் ஏப்ரல் மாதப் பணிகளோடு சேர்க்கப்பட்டுள்ளது. நோட்டிலிருந்த பழைய வரி கிழிக்கப்பட்டது.

ஆதரவு முடிந்த இயங்குதளத்தில் இவ்வளவும் செய்தது இடைக்கால ஏற்பாடே. புதிய சர்வருக்கான கொள்முதல் கோரிக்கையில், டொமைன் கன்ட்ரோலரும் எஸ்கியூஎல் சர்வரும் ஒரே வன்பொருளில் தனித்தனி மெய்நிகர் இயந்திரங்களாக இருக்க வேண்டும் என்பதும், டிஸ்குகள் பிட்லாக்கரால் பூட்டப்பட்டு மீட்புத் திறவு இரண்டு இடங்களில் வைக்கப்பட வேண்டும் என்பதும் சேர்க்கப்பட்டுள்ளன. பிட்லாக்கர் வந்தபின் இந்த ஆய்வில் சொன்ன மீட்பு வழி மீட்புத் திறவு இல்லாமல் செல்லாது. அதை உரிமையாளரிடம் மறைக்காமல் சொன்னோம். சர்வர் அறைக்குள் யூஎஸ்பியோடு வரும் எவருக்கும் அந்த வழி திறந்திருப்பதைவிட, திறவைப் பத்திரமாக வைத்திருக்கும் பொறுப்பை ஏற்பது மேல் என்று அவர் முடிவெடுத்தார்.

நாங்கள் எடுத்த நகல் டிஸ்க் இன்னும் இருக்கிறது. சர்வரைவிட அது ஆபத்தான பொருள். அலுவலகத்தினர் அனைவருடைய கடவுச்சொல் ஹாஷ்களும், மறந்துபோன அந்தக் கடவுச்சொல்லின் ஹாஷும், நிறுவனத்தின் முழுக் கணக்கும் மறையாக்கமின்றி அதில் உள்ளன. அது உரிமையாளரின் வங்கிப் பெட்டகத்தில் வைக்கப்பட்டுள்ளது. புதிய காப்புப் பிரதியிலிருந்து கூலித் தரவுத்தளத்தையும் டைரக்டரியையும் தனி இயந்திரத்தில் முழுமையாக மீட்டுக் காட்டிய பின், உரிமையாளரின் முன்னிலையிலேயே அந்த டிஸ்க் முழுவதும் மேலெழுதப்பட்டு அழிக்கப்படும் என்று கோப்பில் எழுதிக் கையொப்பமிட்டிருக்கிறோம்.